ஆசிரியர் படிக்காத புத்தகம்

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரு காட்சியைத் தவறாமல் சொல்லிவிடுவார்கள். 1880 அக்டோபர் 21. ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். யாரிடம் படித்தீர்கள் என்று கேட்கிறார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்று பெருமையோடு பதில் வருகிறது. என்னென்ன படித்தீர்கள்? அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று வரிசையாக அடுக்குகிறார் ஐயர். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார்.

இல்லை. தான் படிக்கவில்லை என்பது மட்டுமல்ல, தன் ஆசிரியரே அவற்றைப் படித்ததில்லை.

வழக்கமாக இந்தக் காட்சியை ஒரு விடியல் மாதிரி சொல்வார்கள். பழைய புராணத் தமிழ் முடிந்தது, சங்கத் தமிழ் தொடங்கியது, ஒரு முன்சீப் கேட்ட கேள்வியால் தமிழின் தலையெழுத்தே மாறியது என்று. அதில் உண்மை இருக்கிறது. 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அடுத்தடுத்து அச்சேறியதற்கு அந்தச் சந்திப்பு ஒரு வாசல்தான். எனக்கு உறுத்துவது வேறு. இந்தக் கதையை இப்படிச் சொன்னால், 1871 முதல் 1876 வரை மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் பிள்ளையின் பக்கத்திலேயே கிடந்து பாடம் கேட்ட காலம் வீண் என்று ஆகிவிடுகிறதே. ஒரு பெரியவர் தன் வாழ்நாள் அனுபவத்தை ஒரு பையனிடம் கொட்டுகிறார். அவர் கண்ணை மூடி 5 வருடம்கூட ஆகவில்லை, அது எதற்கும் பயன்படாது என்று ஒருவர் சொல்லிவிட முடிகிறது. அப்படியென்றால் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் போனது என்ன? போகாமல் நின்றது என்ன?

இந்தக் கேள்வியோடு ஐயரின் இரண்டு புத்தகங்களைச் சேர்த்துப் படித்துப் பார்த்தேன். ஒன்று, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்த 'ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்'. இன்னொன்று, 1940 தொடங்கி ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைவால் பாதியில் நின்ற 'என் சரித்திரம்'. இரண்டாவதைப் படித்தவர்கள் ஏராளம். முதலாவதைப் பெயரளவில் அறிந்தவர்களே அதிகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் மேலே கேட்டதற்குப் பதில் கிடைக்கிறது.

திரிபந்தாதி எதற்கு?

முதலில் முதலியார் ஒதுக்கித் தள்ளிய அந்த அந்தாதிகளைப் பார்ப்போம்.

ஐயர் பிள்ளையிடம் தொடக்கத்தில் பாடம் கேட்ட நூல்களில் திருக்குடந்தைத் திரிபந்தாதி ஒன்று. பிள்ளையே இயற்றியது. திரிபு என்றால், ஒரு செய்யுளின் நான்கு அடியிலும் முதல் எழுத்து மட்டும் மாறும். இரண்டாவது எழுத்திலிருந்து பல எழுத்துக்கள் அப்படியே திரும்பி வரும். ஒலி ஒன்றுதான், பிரிக்கும் இடம் வேறு, பொருளும் வேறு. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். இப்படி 100 பாட்டு. இன்றைக்குப் படிக்கிற நமக்கு இது வெறும் சொல் சர்க்கஸ். அன்றைக்கு முதலியாருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

ஆனால் ஓலைச்சுவடி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு, ஒகர ஓகார வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. அடி முடிந்து அடுத்த அடி எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதில்லை. செய்யுளையும் உரையையும்கூடப் பிரிக்காமல் ஓட்டமாக எழுதிப்போவார்கள். இடையில் ராமபாண பூச்சி துளைத்த ஓட்டை வேறு. இப்படிப்பட்ட ஏட்டை எடுத்து, இது எந்தச் சொல், எங்கே பிரிக்க வேண்டும், இங்கே ஒரு சீர் விழுந்திருக்கிறது, இந்த இடத்தில் எதுகை தட்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஒருவரைத் தயார்ப்படுத்த வேண்டுமானால் எந்தப் பயிற்சி கொடுப்பீர்கள்? ஒரே ஒலித்தொடரை நாலு விதமாகப் பிரித்துப் பொருள் காணும் பயிற்சிதான் கொடுப்பீர்கள். அதாவது திரிபந்தாதி.

பிள்ளைக்கு இது தெரியாது. அவர் பதிப்பாசிரியரை உருவாக்க நினைக்கவில்லை. தனக்குப் பிறகும் அந்தாதி பாடக்கூடிய, புராணம் இயற்றக்கூடிய ஒரு புலவரை உருவாக்கத்தான் நினைத்திருப்பார். ஆயிரக்கணக்கான செய்யுள்களை ஐயரின் காதில் ஏற்றினார். செய்யுள் சொல்லச் சொல்ல எழுதும் மாணவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். யாப்பு என்பது அந்தச் சூழலில் இலக்கணப் புத்தகத்தில் இருக்கும் விதியாக இல்லாமல் காதில் விழும் ஓசையாக இருந்தது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் நூற்பெயர் சொல்லாமல் மேற்கோள்கள் வந்துகொண்டே இருக்கும். அவை எங்கிருந்து வருகின்றன என்று தேட, மனப்பாடமும் செவிப்பழக்கமும் இல்லாமல் ஒருவர் எங்கே தொடங்குவது?

ஆக, பாடமாகச் சொன்ன விஷயம் பழசாகிப்போனது. பாடம் சொன்ன முறையில் ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம் பழசாகவில்லை. ஆசிரியர் என்ன கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுக்கிறாரோ அது ஒன்று. மாணவர் கையில் கடைசியில் மிஞ்சுவது இன்னொன்று. இதை ஐயர் எங்கேயும் இப்படி வெளிப்படையாக வாதிடவில்லை. அவர் புத்தகம் அதைக் காட்டுகிறது.

அதே சமயம் பழக்கம் மட்டும் போதவில்லை என்பதையும் அவரே சொல்கிறார். சிந்தாமணி சமண காவியம். மடத்துச் சைவச் சூழலில் வளர்ந்தவருக்கு அதன் சமயச் சொற்களும் கதை மரபும் பிடிபடவில்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீடுகளில் சிந்தாமணி இன்றும் படிக்கப்படுகிறது என்று தெரிந்து சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் போய்க் கேட்கிறார். கல்லூரியில் வாத்தியார், சமணர் வீட்டில் மாணவர். தமிழ்ப் புலவர்கள் மறந்துபோன ஒரு காப்பியம் அந்தத் தெருவில் வாயிலும் காதிலும் உயிரோடு இருந்திருக்கிறது! பிள்ளையிடம் கற்றுக்கொண்டதில் மிக முக்கியமானது இதுவாகவே இருக்கலாம்: தெரிந்தவர் யாராக இருந்தாலும் போய் உட்கார்ந்து கேட்பது.

பரதேசியின் பின்னால் போன பையன்

அந்தக் குணம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் பிள்ளையவர்கள் சரித்திரத்தின் முதற் பாகத்தில் இருக்கிறது.

பிள்ளை 1815இல் பிறந்தவர். ஐயர் அவரை முதன்முதலில் பார்க்கும்போது அவருக்கு வயது 56. அதற்கு முந்தைய வாழ்க்கை முழுவதும் ஐயர் கண்ணால் காணாதது. அவர் சொல்லக் கேட்டது, மூத்த மாணவர்கள் சொல்லக் கேட்டது, ஊர் ஊராக விசாரித்தது. அதில் ஒரு சம்பவம். இளம் வயதில் பிள்ளைக்குத் தண்டியலங்காரம் படிக்க ஆசை. தெரிந்தவர் ஊரில் யாருமில்லை. பிச்சையெடுத்துச் சாப்பிடும் ஒரு பரதேசிக்கு அது தெரியும் என்று கேள்விப்படுகிறார். அந்த ஆள் எளிதில் வழிக்கு வருகிறவர் இல்லை. அவர் போகும் இடமெல்லாம் பின்னால் போய், அவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்து, மனம் இளகும் நேரம் பார்த்துக் கேட்டுக் கேட்டு நூலை வாங்கிக்கொள்கிறார்.

இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு பிள்ளையின் தாராளம் வேறு மாதிரி தெரிகிறது. யார் வந்து கேட்டாலும் பாடம் சொன்னார், கையில் காசு இல்லாத நிலையிலும் மாணவர்களுக்குச் சோறு போட்டார் என்று நாம் படிப்பது வெறும் நல்ல குணம் பற்றிய புகழுரை இல்லை. கேட்டு வாங்குவதில் இருந்த சிரமம் அவருக்குத் தெரியும். தான் நின்ற வாசலில் இன்னொருவர் நிற்கக்கூடாது என்கிற நினைப்பு. சவராயலு நாயகர் என்கிற கிறிஸ்தவர் அவரிடம் படித்தார். நாகூர் குலாம் காதிறு நாவலர் படித்தார். மாயூரம் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். சைவ மடத்து ஆதீன வித்துவானின் திண்ணை அது.

ஒரு பெரியவர் தன் அனுபவத்தைக் கடத்துவது என்றால், தனக்குத் தெரிந்ததைச் சொல்வதோடு, அது தனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்வதுதான். பாடத்தை எடுத்துக்கொண்ட மாணவர்கள் பலர் இருந்திருப்பார்கள். பாடத்துக்குப் பின்னால் இருந்த பரதேசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர் ஐயர். எடுத்துக்கொண்டதை 57 வருடம் கழித்து, தன் 78ஆவது வயதில் எழுதி வைத்தார்.

பக்தி எழுதிய புத்தகமா?

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் வரும். குருவைப் பற்றிச் சிஷ்யர் எழுதினால் அதில் குறை எப்படி வரும்? எல்லாம் துதிதானே?

நானும் அப்படி எதிர்பார்த்துத்தான் போனேன். துதி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஐயருக்கு ஒரு விசித்திரமான நேர்மை. தன் ஆசிரியருக்குப் பெருமை சேர்க்காத விஷயங்களையும் அவர் விடுவதில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்த கதை ஒரு நல்ல உதாரணம். அதில் இலக்கணப் பிழைகள் இருப்பதால் பிள்ளைக்குக் கொடுக்க இஷ்டமில்லை. நேரே மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வயதான பாரதியாரைத் திரும்பத் திரும்ப அலைய விடுகிறார். கடைசியில் பாரதியார் பாடுவதைக் கேட்டு மனம் உருகித்தான் கொடுக்கிறார்.

இந்தச் சம்பவத்தை ஐயர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, தன் ஆசிரியர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்பு எழுதாமல் நகர்ந்துவிடுகிறார். இதுதான் அவருடைய வழக்கம். அவர் விமர்சகர் இல்லை, சாட்சி. தான் நேசித்த ஒருவரைப் பற்றி நமக்குப் பிடிக்காத ஒன்றையும் நம் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற சாட்சி. கோயிலுக்குள் போக ஏங்கும் நந்தனின் கதை ஒரு புலவர் வீட்டு வாசலில் இலக்கணம் காரணமாகக் காத்திருந்தது என்பதில் இன்று நாம் படிக்கிற அர்த்தம் அவர் உத்தேசித்ததாக இருக்காது. ஆனால் அவர் எழுதி வைத்ததால்தான் நாம் அதைப் படிக்க முடிகிறது.

பாரதியாருக்கும் ஐயருக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. ஐயரின் அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர், கனம் கிருஷ்ணையரிடம் கற்றவர். மகனுக்கும் சங்கீதம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர். மாயூரத்தில் பாரதியாரிடமும் சாமிநாதன் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். இது பிள்ளைக்குத் தெரிந்தபோது, சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் அறிவு ஓடாது என்கிற மாதிரி சொல்லிவிடுகிறார். பாட்டு அன்றோடு நின்றது.

ஒரு வழிகாட்டி ஒரு கதவைத் திறக்கும்போது இன்னொரு கதவைச் சாத்துவதும் உண்டு. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேங்கடராமன் என்று வந்த பையனிடம், வேறு பெயர் உண்டா என்று கேட்டு, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்கிற பெயரை நிலைக்கச் செய்தவர் பிள்ளை. அன்பால் செய்தது. ஆனாலும் அது ஓர் ஆளை எடுத்து இன்னோர் ஆளாக ஆக்குவது. சங்கீதம் விஷயத்தில் ஐயர் மனத்தாங்கல் என்று ஒரு வார்த்தை பெரிதாகச் சொல்லவில்லை. பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும், கனம் கிருஷ்ணையருக்கும், மகா வைத்தியநாதையருக்கும் தனித்தனியே சரித்திரம் எழுதினார். பாட முடியாமல் போன கடனை எழுதித் தீர்த்தார் என்றுதான் நான் படிக்கிறேன்.

திண்ணையின் எல்லை

குறை என்று சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இது நூல் அறிமுகமாகப் போய்விடும்.

ஐயர் ஐந்தாறு வருடம் பிள்ளைக்கு மகன் மாதிரி இருந்தவர். ஆனால் அவர் வீட்டில் சாப்பிட்டதில்லை. பிராமணப் பையன் என்பதால் சாப்பாட்டுக்கு அக்கிரகாரத்தில் தனியாக ஏற்பாடு. அதற்குப் பணம் கட்ட அப்பா பட்ட பாடு ஒரு பக்கம். பிள்ளைக்கும் அது இயல்பு, சாமிநாதனுக்கும் இயல்பு. பிற்காலத்தில் எழுதும்போதும் அது இயல்பாகவே சொல்லப்படுகிறது. தன் பெயரை மாற்றும் உரிமையை ஆசிரியருக்குக் கொடுத்த ஒரு மாணவர், அவர் வீட்டு அடுப்பில் வெந்த சோற்றைத் தொடவில்லை என்பதில் இருக்கும் முரண் புத்தகத்தில் எங்கேயும் கேள்வியாக எழவில்லை. எந்தச் சமயத்தாரும் வரலாம் என்றிருந்த திண்ணைக்கும் ஓர் எல்லை இருந்தது. பாடம் கேட்டவர்கள் வரிசையில் பெண்கள் இல்லை. ஐயரின் மனைவி, பிள்ளை வீட்டுப் பெண்கள், மாணவர்களுக்குப் பொங்கிப் போட்ட கைகள், இவர்கள் பேசும் இடங்கள் மிகக் குறைவு. குருகுலம் என்று இன்று நாம் ஏக்கத்தோடு பேசுகிற ஏற்பாடு யாருடைய உழைப்பில் நடந்தது, யாருக்கு அது திறக்கவே இல்லை என்று இந்தப் புத்தகத்திடம் நாம்தான் கேட்க வேண்டும். தானாகச் சொல்லாது.

இன்னொரு குறை, மோதல்களை மெதுவாகச் சொல்லிக் கடந்துபோவது. சி.வை.தாமோதரம் பிள்ளை சிந்தாமணியைத் தான் பதிப்பிக்க விரும்பியதும், ஐயர் அதைக் கொடுக்க மனம் இல்லாமல் இருந்ததும் 'என் சரித்திர'த்தில் வருகிறது. ஐயர் பக்கத்து நியாயம் நமக்கு முழுதாகத் தெரிகிறது. அந்தப் பக்கம்? வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) என்று ஐயருக்கு முன்பும் கூடவும் உழைத்த மனிதர் அவர். அவரை இன்று நாம் பெரும்பாலும் அவர் எழுதிய பதிப்புரைகள் வழியாகத்தான் சந்திக்கிறோம். அவர் எப்படி உட்கார்ந்திருப்பார், எதற்குச் சிரிப்பார், யாருக்குப் பாடம் சொன்னார் என்பது ஐயருக்குக் கிடைத்த அளவில் நம் நினைவில் இல்லை.

நினைவு நிற்பதற்குச் சாதனை மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது. பிள்ளை பாடிய தலபுராணங்களை இன்று ஆராய்ச்சி மாணவர்கள் தவிர எத்தனை பேர் படிக்கிறார்கள்? ஐயர் 1910இலேயே அவருடைய பிரபந்தங்களைத் திரட்டி அச்சிட்டார். அப்படியும் கவிஞராகப் பிள்ளை பொது வாசகரிடம் நிற்கவில்லை. ஆசிரியராக நிற்கிறார், ஒரு மாணவரின் ஞாபகத்தில் மனிதராக நிற்கிறார். அவர் எதை வைத்துத் தான் நிலைப்போம் என்று நம்பினாரோ அது போய்விட்டது. மாலை வேளையில் ஒரு பையனுக்குப் பாடம் சொன்னது நின்றுவிட்டது.

இன்றைக்கு இது எதற்கு

நான் வேலை பார்க்கும் துறையில் ஒருவர் ஓய்வு பெறும்போதோ வேலை மாறும்போதோ கே.டி. என்று ஒன்று நடக்கும். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். பத்து நாள் கூட்டம், ஒரு நீளமான ஆவணம், சில வீடியோ பதிவுகள். எல்லாம் ஒழுங்காக இருக்கும். மூன்று மாதம் கழித்து ஏதாவது சிக்கல் வந்தால் அந்த ஆவணத்தில் பதில் இருக்காது. இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. 'என்ன' என்பது எழுதப்பட்டிருக்கும், 'ஏன்' என்பது போனவரோடு போயிருக்கும்.

இதற்கு மருந்து குருகுலம் என்று சொல்ல வரவில்லை. மேலே சொன்ன எல்லைகளோடு அது திரும்பி வரவும் வேண்டாம். ஆனால் ஐயரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் பாடத்தை இடத்தோடும் ஆளோடும் சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறார். எந்த ஊரில், எந்தத் திண்ணையில், யார் பக்கத்தில் இருக்கும்போது, அதற்கு முன் என்ன பேச்சு நடந்தது என்று. முதலில் படிக்கும்போது இந்த விவரமெல்லாம் எதற்கு என்று சலிப்பாகக்கூட இருக்கும். போகப்போகத்தான் புரிகிறது, அனுபவம் என்பது அந்த விவரங்களில்தான் தங்கியிருக்கிறது. சூழ்நிலையை உரித்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பொன்மொழி. பொன்மொழியை வைத்துக்கொண்டு யாரும் வேலை கற்றுக்கொண்டதில்லை.

கடத்துவது நேர்கோட்டில் மட்டும் நடப்பதில்லை என்பதும் இந்தப் புத்தகங்களில் தெளிவாக இருக்கிறது. பிள்ளை 1876 பிப்ரவரி 1 அன்று காலமானார். சாமிநாதனுக்கு 21 வயதுகூட நிறையவில்லை. பிறகு அவரை அணைத்துக்கொண்டு பாடம் சொன்னவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். கும்பகோணம் கல்லூரி வேலையை வாங்கிக் கொடுத்தவர், அங்கே தமிழாசிரியராக இருந்து விலகிய தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையின் மாணவர்தான், மூத்தவர். தம்பி மாதிரி வந்த ஒருவருக்குத் தன் நாற்காலியையே விட்டுக்கொடுத்தார். பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் ஐயர் வசித்த வீட்டுக்குத் தியாகராஜ விலாசம் என்று பெயர். குருவின் பெயரை வைக்காமல் குருவின் இன்னொரு மாணவர் பெயரை வைத்திருக்கிறார் பாருங்கள். மேலிருந்து கீழே வருவதைப் போலவே பக்கவாட்டில் வருவதும் கடன்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வரிசை அவரோடு நிற்கவில்லை. பிள்ளை செய்யுள் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதிய மாதிரி, முதுமையில் ஐயருக்குப் பக்கத்தில் இருந்து துணை செய்தவர்களில் ஒருவர் கி.வா.ஜகந்நாதன். பிறகு கலைமகள் ஆசிரியராகப் புகழ்பெற்றவர். 'என் சரித்திரம்' 122 அத்தியாயங்களோடு, 1899ஆம் ஆண்டு வாக்கிலேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய 40 சொச்சம் வருடங்களைச் சொல்லும் வேலையைக் கி.வா.ஜ. 'என் ஆசிரியப்பிரான்' என்கிற நூலில் எடுத்துக்கொண்டார். தலைப்பிலேயே வணக்கம் கூடிவிட்டது தெரிகிறது. ஐயர் தன் ஆசிரியர் மேல் படிந்த தூசியையும் சேர்த்துக் காட்டினார். கி.வா.ஜ. காட்டும் ஐயர் கொஞ்சம் துடைத்து வைத்த ஐயர். வரிசை நீள நீள இந்த ஆபத்தும் வரும்: ஆள் மறைந்து படம் மட்டும் மாட்டப்படும். நினைவைக் கடத்துகிறவர் மறக்கக்கூடாத பாடம், பாரதியார் வாசலில் காத்திருந்த கதைதான். பிடிக்காததையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வாங்குகிறவர் கையில் மனிதர் இருப்பார்.

இரண்டாவது உலகப்போர் பயத்தில் சென்னை காலியானபோது ஐயர் திருக்கழுக்குன்றத்துக்குப் போய்த் தங்கினார். 1942 ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே. 1950இல் அவர் மகன் கல்யாணசுந்தரையர் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். முடியாத புத்தகம் என்று அதைச் சொல்கிறோம். ஆனால் மாயூரத்துத் திண்ணையில் தனக்குக் கிடைத்ததை எல்லாம் அவர் சொல்லி முடித்திருந்தார். நிறுத்தியது தன் சொந்தப் புகழ் தொடங்கிய இடத்தில். பத்துப்பாட்டும் புறநானூறும் பதிப்பித்த பிறகு கிடைத்த பட்டங்கள், 1906இல் வந்த மகாமகோபாத்தியாயர் பட்டம், மாநிலக் கல்லூரி, எதுவும் உள்ளே வரவில்லை. அவர் திட்டமிட்டு விட்டதில்லை, காலம் விட்டுவைக்கவில்லை, அவ்வளவுதான். என்றாலும் இருக்கிற வடிவத்தில் அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி, தலைப்பில் 'என்' என்று இருந்தும், மற்றவர்களைப் பற்றியது.

பிள்ளையவர்கள் சரித்திரத்தை இதுவரை எடுக்காதவர்கள் முதற் பாகத்தில் அந்தத் தண்டியலங்காரப் பரதேசி வரும் இடத்திலிருந்து தொடங்கலாம். அவர் யார், ஊர் எது, கடைசியில் என்ன ஆனார் என்பதெல்லாம் போய்விட்டது. அவர் கொடுத்தது மட்டும் மூன்று கை மாறி நம்மிடம் வந்திருக்கிறது.